ஆங்கில ஆய்வேடு: கேள்வியிலிருந்து வைவா (வாய்மொழிப் பரீட்சை) வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலம் படித்து இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளில் செயல்நிலை ஆய்வு (வகுப்பறையில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கும் ஆய்வு) செய்பவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

நம் பிள்ளைகளுக்கு உழைப்பில் குறைவில்லை. வரிசைதான் தலைகீழாகிப் போகிறது. முதலில் தலைப்பு, அடுத்த நாளே வினாக்கொத்து, அதைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பாடசாலைக்கு ஓட்டம். தாள்கள் திரும்பி வந்த பிறகுதான் ‘இதில் எதைக் கண்டுபிடிப்பது?’ என்ற யோசனை வருகிறது. அந்த நேரத்தில் எந்த மேற்பார்வையாளராலும் பெரிதாக உதவ முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் துறையின் ஆய்வேட்டு அறிவுறுத்தல் தாளை முதலில் வாங்குங்கள். சொல் எண்ணிக்கை, அத்தியாய அமைப்பு, மேற்கோள் முறை, ஒப்படைக்கும் திகதி எல்லாம் அதில்தான் இருக்கும். மொழியியலிலும் கற்பித்தலிலும் பெரும்பாலும் ஏபிஏ முறை, இலக்கியத்தில் எம்எல்ஏ முறை. துறை எதைக் கேட்கிறதோ அதையே முதல் நாளிலிருந்து பிடியுங்கள். கடைசியில் மாற்றலாம் என்று விட்டால் கடைசி வாரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

அடுத்தது நாட்காட்டி. நம் மாவட்டங்களில் இது பெரிய விஷயம். கார்த்திகை, மார்கழி மழையில் படுவான்கரைப் பக்கம் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கினால் பாடசாலைக்குப் போகவே முடியாது. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை அட்டவணை வேறு. நோன்பு மாதத்தில் விடுமுறை, வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு முடிந்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் வரவு குறையும். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஆசிரியர்கள் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். இவற்றையெல்லாம் குறித்துவிட்டு மிஞ்சும் வாரங்களைப் பாருங்கள். தரவு சேகரிக்க உங்களுக்குள்ள காலம் அவ்வளவுதான். உங்கள் கேள்வி அதற்குள் அடங்க வேண்டும்.

2. தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

‘மட்டக்களப்பு மாவட்ட மாணவர்கள் ஆங்கிலம் கற்பதில் எதிர்நோக்கும் பிரச்சினைகள்’ என்ற மாதிரித் தலைப்பு ஆண்டுதோறும் வருகிறது. ஒரு மாவட்டம், எல்லா வகுப்பும், எல்லாத் திறனும். ஒரு மாணவர் சில மாதங்களில் இதற்கு விடை காண முடியாது. அதனால் எல்லோரும் ஏற்கெனவே அறிந்ததையே எழுதி முடிக்க வேண்டியதாகிறது: வசதி இல்லை, ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை.

தலைப்பு யோசிக்குமுன் ஒரு வகுப்பில் போய் இருங்கள். தெரிந்த ஆசிரியரிடம் கேட்டு இரண்டு மூன்று பாடவேளை பின்வாங்கில் அமர்ந்து பாருங்கள். அல்லது ஒரு வகுப்பின் கட்டுரைக் கொப்பிகளை வாங்கி ஒரு மாலை முழுக்க வாசியுங்கள். அங்கே ஏதாவது உங்களை உறுத்தும். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு முன்வரிசை மட்டும் பதில் சொல்வதைக் காணலாம். சிவப்புப் பேனையால் திருத்திய அதே பிழை அடுத்த பக்கத்திலும் இருப்பதைக் காணலாம். கேள்வி அங்கிருந்து வரட்டும்.

நல்ல கேள்வியில் யார், எந்தத் திறன், எந்த இடம் என்ற மூன்றும் இருக்கும். ‘தரம் 8 மாணவர்கள் ஆங்கிலத்தில் கதை எழுதும்போது இறந்தகால வினையில் என்னென்ன வகைப் பிழை விடுகிறார்கள்?’ இதற்கு விடை உண்டு. அது அவர்கள் எழுதிய தாளிலேயே இருக்கிறது.

என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ‘இதற்கான விடையை எதைப் பார்த்துச் சொல்லப் போகிறீர்கள்?’ எழுதிய தாள், ஒலிப்பதிவு, வகுப்பறைக் குறிப்பு, ஒரு நாவலின் பக்கங்கள் என்று எதையாவது கைகாட்ட முடிந்தால் கேள்வி தேறியது. ‘வினாக்கொத்து கொடுப்பேன்’ என்பது மட்டும் பதிலானால் இன்னும் யோசியுங்கள். பிள்ளைக்கு எழுத்தில் என்ன சிக்கல் என்று பிள்ளையிடமே கேட்டால், அது என்ன நினைக்கிறது என்பதுதான் கிடைக்கும். என்ன எழுதுகிறது என்பது கிடைக்காது.

3. வாசிப்பு: குறைவாக, ஆனால் குறிப்போடு

கேள்வி வந்த பிறகு வாசியுங்கள். அதற்கு முன் வாசித்தால் எல்லாமே தேவையானதாகத் தெரியும்.

கூகுள் ஸ்கொலரில் தேடுங்கள். இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது. ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் நம் பிரதேசப் பாடசாலைகள் பற்றிய கட்டுரைகள் கிடைக்கும். உங்கள் துறை நூலகத்தில் பழைய ஆய்வேடுகளையும் புரட்டுங்கள், ஆனால் அவற்றின் அமைப்பைப் பார்த்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு வரி எழுதி வையுங்கள்: என்ன கேட்டார்கள், யாரிடம், என்ன கண்டார்கள், என் கேள்விக்கு இது எதற்கு. நான்காவது வரி எழுத வராவிட்டால் அந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. இப்படி வைத்திருந்தால் இலக்கிய மீளாய்வு ‘அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்’ என்று நீளாது. ஒரே விஷயம் சொல்பவர்களை ஒன்றாகவும் முரண்படுபவர்களை எதிரெதிராகவும் வைக்க முடியும்.

வாசித்தவுடன் விபரங்களைச் சொட்டேரோ என்ற உசாத்துணைச் செயலியில் போடுங்கள், அது இலவசம். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் உசாத்துணைகளை அப்படியே எடுக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுத் தரும். நீங்கள் திறந்து வாசிக்காத எதுவும் உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது.

4. அனுமதி: கருவி தயாரிக்கும் போதே தொடங்குங்கள்

பாடசாலையில் ஆய்வென்றால் துறைத்தலைவரின் கடிதம், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி, பிறகு அதிபர், பிறகு பாட ஆசிரியர். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த கதவு திறக்காது. அதிபருக்கு உங்களைத் தெரிந்திருந்தாலும் வலயக் கடிதத்தோடு போங்கள். பிறகு ஏதும் கேள்வி எழுந்தால் அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாடசாலை எந்த வலயம் என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 வலயங்கள், அம்பாறையில் 7. பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் வேறு வலயங்களில் இருக்கலாம். காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் தூரம் தூரமாக இருந்தும் மட்டக்களப்பு மத்தி என்ற ஒரே வலயம். இரண்டு பாடசாலைகளை ஒப்பிடப் போகிறீர்களென்றால் முடிந்தவரை ஒரே வலயத்துக்குள் தெரிவு செய்யுங்கள். ஒரு அலுவலகத்தோடு வேலை முடியும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். படிவத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில், சாதாரண நடையில் எழுதுங்கள். புள்ளி பரீட்சையில் சேராது, பெயர் வராது, விரும்பாவிட்டால் இடையில் விலகலாம் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே யார் கையெழுத்திடுவது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பெயரை மறைப்பது மட்டும் போதாது. ‘குறித்த கோட்டத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள ஒரே பாடசாலை’ என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். ‘பாடசாலை அ, கிராமப்புறம்’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

5. கருவியும் முன்னோட்டமும்

வினாக்கொத்து உண்மையிலேயே தேவைப்பட்டால் தமிழில் கொடுங்கள். ஆங்கில வினாக்கொத்தைத் தரம் 9 பிள்ளையிடம் கொடுத்தால் நீங்கள் அளப்பது அதன் வாசிப்புத் திறனைத்தான். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருந்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வசனத்தைத் திருத்துங்கள்.

அடிக்கடி காணும் பிழை, ஒரே கூற்றில் இரண்டு கேள்வி. ‘ஆசிரியர் தெளிவாகவும் சுவாரசியமாகவும் கற்பிக்கிறார்.’ தெளிவு உண்டு, சுவாரசியம் இல்லை என்று நினைக்கும் பிள்ளை எதில் அடையாளமிடும்? பிரித்து இரண்டாக எழுதுங்கள். இன்னொன்று, ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது ஆசிரியரைப் பற்றிய கேள்விகளை நிரப்பச் சொல்வது. எல்லாத் தாளிலும் ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்றுதான் வரும்.

எழுத்துத் தாள் சேகரிப்பவர்கள் தலைப்பை மிகக் கவனமாகத் தெரிய வேண்டும். ‘என் அம்மா’ என்பது எளிய தலைப்பாகத் தெரியும். அம்மா கட்டாரிலோ குவைத்திலோ இருக்கும் பிள்ளைக்கு அது எளிதல்ல. ‘மறக்க முடியாத நாள்’ என்றால் ஒரு மரணத்தை எழுதிவிட்டு அழுத பிள்ளையை நீங்கள் சமாளிக்க வேண்டிவரும். ‘நேற்று பாடசாலை விட்ட பிறகு நான் செய்தவை’ போதும். இறந்தகாலமும் தானாக வந்துவிடும்.

பிறகு முன்னோட்டம். ஆய்வில் சேராத இன்னொரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் எடுக்கிறது, எந்த இடத்தில் ‘மிஸ், இதுக்கு என்ன எழுதுற?’ என்று கேட்கிறார்கள் என்று குறியுங்கள். அந்த இடம் எல்லாம் மாற வேண்டிய இடம். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் முழு வகுப்பின் தாள்களையும் வீணாக்கியதைக் கண்டிருக்கிறேன். அதே வகுப்பில் அதே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொல்லவும் முடியாது. பிள்ளைகள் ஏற்கெனவே பழகியிருப்பார்கள்.

6. களத்தில்

பெயருக்குப் பதில் இலக்கம் கொடுங்கள். பெயரும் இலக்கமும் உள்ள பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். முன்தேர்வு, பின்தேர்வு நடத்துபவர்களுக்கு இது உயிர்நாடி. இரண்டு தாளும் ஒரே பிள்ளையுடையது என்று தெரியாவிட்டால் முன்னேற்றத்தைச் சொல்ல முடியாது. இரண்டு நாளும் வந்த பிள்ளைகளை மட்டுமே கணக்கில் எடுங்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

புதிய கற்பித்தல் முறையைச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: உங்கள் முறை நடந்த வகுப்பில் மட்டும் புள்ளி கூடியதென்று எழுதினால், ‘இடையில் வழமையான பாடமும் நடந்ததே?’ என்று கேட்பார்கள். அதே தரத்தில் இன்னொரு வகுப்பு, வழமையான முறையில் படித்து, அதே இரண்டு தேர்வையும் எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தவுடன் அரைப் பக்கம் குறிப்பு எழுதுங்கள். மழையால் பாதி வகுப்பு வரவில்லை, பக்கத்து வகுப்பில் விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி, சத்தம். பிறகு புள்ளிகளில் விசித்திரமாக ஒன்று தெரியும்போது காரணம் இந்தக் குறிப்பில்தான் கிடைக்கும்.

7. பகுப்பாய்வு: விதியை முதலில் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் ஒரு வசனத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: ‘யெஸ்டர்டே மை மதர் கோ டு மார்க்கெட் அண்ட் பை ஃபிஷ். மை கேட் ஈட்டட் த ஃபிஷ்.’

‘கோ’, ‘பை’ இரண்டிலும் இறந்தகாலம் இல்லை. ‘ஈட்டட்’ என்பதில் இறந்தகாலம் இருக்கிறது, வடிவம் பிழை. இவை இரண்டு வேறு வகை. ‘மார்க்கெட்’டுக்கு முன் ஆர்ட்டிக்கிள் (‘த’ போன்ற சொல்) இல்லை, ஆனால் உங்கள் கேள்வி வினையைப் பற்றியது, ஆகவே அதை எண்ணுவதா? இதே பிள்ளை ‘கோ’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தால் ஐந்து பிழையா, ஒன்றா? எண்ணத் தொடங்குமுன் இவற்றுக்கு விதி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தாளில் ஒரு மாதிரியும் இருபதாவது தாளில் இன்னொரு மாதிரியும் எண்ணியிருப்பீர்கள். ஒரு நண்பரிடம் சில தாள்களையும் உங்கள் விதியையும் கொடுத்துத் தனியாக எண்ணச் சொல்லுங்கள். இருவருக்கும் வித்தியாசம் வந்தால் விதி தெளிவில்லை.

கைத்தவறுதலையும் அறியாமையையும் பிரிக்க வேண்டும். 1967இல் மொழியியலாளர் கோர்டர் வலியுறுத்திய வேறுபாடு இது. பிள்ளை மற்ற இடங்களில் ‘வென்ட்’ என்று சரியாக எழுதி ஒரு இடத்தில் மட்டும் ‘கோ’ என்று விட்டிருந்தால் அதற்கு விதி தெரியும், தவறிவிட்டது. எல்லா இடத்திலும் ‘கோ’ என்றால் இன்னும் கற்கவில்லை. இரண்டுக்கும் ஆசிரியர் செய்ய வேண்டியது வேறு.

இனி காரணம். நம் ஆய்வேடுகளில் எல்லாப் பிழைக்கும் ‘தாய்மொழித் தாக்கம்’ என்று எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. கொஞ்சம் நின்று தமிழைப் பாருங்கள். தமிழில் இறந்தகாலம் இருக்கிறது. ‘போகிறேன்’, ‘போனேன்’ என்று வினையே மாறுகிறது. அப்படியிருக்க ‘கோ’ என்று விட்டதற்குத் தமிழ் எப்படிக் காரணமாகும்? ‘ஷி கோ’ என்று எழுதி வினையின் இறுதி விகுதியை விடுவதற்கும் அதே கதைதான். ‘அவள் போகிறாள்’, ‘அவன் போகிறான்’ என்று எழுவாய்க்கேற்ப வினையை மாற்றுவதில் தமிழ் ஆங்கிலத்தைவிட எவ்வளவோ கறார். ‘ஈட்டட்’ என்பதோ, ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த சின்னப் பிள்ளைகளும் சொல்வது. கற்ற விதியை அது பொருந்தாத இடத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். அது வளர்ச்சியின் அடையாளம். ஆர்ட்டிக்கிளை விடுவதற்கு மட்டும் தாய்மொழியைக் காரணம் சொல்ல நியாயம் உண்டு. ஆங்கிலத்தின் ‘த’வுக்கு நேரான சொல் நம் மொழியில் இல்லை.

இதை நீங்கள்தான் சொல்ல முடியும். தமிழ் தெரியாத ஆய்வாளரால் இந்த வேறுபாட்டை இவ்வளவு எளிதில் காண முடியாது. உங்கள் ஆய்வேட்டின் பெறுமதி இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு ஒரு பத்தியில் முடித்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: 28 பேர் உள்ள வகுப்பில் ‘67.86 சதவீதம்’ என்று எழுதுவதைவிட ‘28 பேரில் 19 பேர்’ என்பது நேர்மையானது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் கட்டாயமில்லை, பல ஆய்வுகளுக்கு எக்செல் போதும். நேர்காணல் வைத்திருப்பவர்கள் முழுதாக எழுத்தாக்கி, பலமுறை வாசித்து, திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கருப்பொருள்களாகத் தொகுங்கள். உங்கள் வினாக்களையே கருப்பொருள் தலைப்பாக வைத்துவிடுவது அங்கே பொதுவான தவறு.

8. இலக்கிய ஆய்வுக்காரர்களுக்கு

உங்களுக்கு வலயக் கடிதம் வேண்டாம், ஆனால் உங்கள் தரவு நூலின் பக்கங்கள். விமர்சனக் கட்டுரைகளைத் தொடுமுன் நூலை இரண்டு முறை வாசியுங்கள். முதலில் விமர்சகரை வாசித்தால் பிறகு நூலில் அவர் கண்டதே உங்களுக்கும் தெரியும்.

‘இந்த நாவலில் பெண்களின் துன்பம்’ என்பது பொருள் மட்டுமே. வாதம் என்றால் ஒருவர் எழுந்து ‘இல்லை, நான் உடன்படவில்லை’ என்று சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வசனம் எழுத வரும்வரை அத்தியாயங்களைப் பிரிக்காதீர்கள்.

நம்மவருக்குக் கைவரக்கூடிய ஒரு கேள்வி: இலங்கைத் தமிழர் ஆங்கிலத்தில் எழுதும் புனைகதைகளில் தமிழ்ச் சொற்கள் எங்கெங்கே விளக்கமில்லாமல் வருகின்றன, எங்கெங்கே விளக்கத்தோடு வருகின்றன? அதை வைத்து அந்த எழுத்து யாரை நோக்கிப் பேசுகிறது என்று வாதிடலாம். ஒரே நூல் போதும். ஒவ்வொரு இடத்தையும் பக்க எண்ணோடு பதியுங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். பதிப்பு மாறினால் பக்கம் மாறும்.

ஒவ்வொரு மேற்கோளுக்குக் கீழேயும் அந்த மேற்கோளின் நீளத்தைவிடக் கூடுதலாக உங்கள் விளக்கம் இருக்க வேண்டும். கதைச் சுருக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். பின்காலனித்துவம், பெண்ணியம் என்று கோட்பாட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கிவிட்டுப் பகுப்பாய்வில் அதைத் தொடாமல் விடுபவர்கள் அதிகம். பகுப்பாய்வில் பயன்படுத்திய கருத்துகளை மட்டும் முன்னால் வையுங்கள்.

9. எழுதும் வரிசை

அச்சில் இருக்கும் வரிசையில் எழுத வேண்டியதில்லை. முதலில் ஆய்வு முறையியல்; செய்தது மறக்குமுன் எழுதிவிடலாம். அடுத்து முடிவுகள், பிறகு கலந்துரையாடல், பிறகு இலக்கிய மீளாய்வைத் திருத்துவது. அறிமுகமும் சுருக்கமும் கடைசி. அறிமுகத்தை முதலில் எழுதியவர்கள் அதில் வாக்களித்த ஒன்றும் பின்னால் கண்ட இன்னொன்றுமாக ஒப்படைப்பதைப் பார்க்கிறோம்.

முடிவுகளில் கண்டதை மட்டும் சொல்லுங்கள், கலந்துரையாடலில் ஏன் என்று சொல்லுங்கள். ஒரு பாடசாலையின் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு ‘அம்பாறை மாவட்ட மாணவர்கள்’ என்று எழுதாதீர்கள். பரிந்துரைகளும் கண்டதிலிருந்தே வர வேண்டும். பாடத்திட்டத்தை அரசாங்கம் மாற்ற வேண்டும் என்ற வரி எந்த ஆய்வேட்டிலும் பொருந்தும், அதனாலேயே உங்களுடையதில் வேண்டாம்.

10. மேற்பார்வையாளரும் வைவாவும்

சேரிடமோ மிஸ்ஸிடமோ முழு ஆய்வேட்டையும் கடைசி மாதம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு அத்தியாயமாக, ‘இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்’ என்று குறித்துக் கொடுங்கள். குறித்த கேள்விக்குக் குறித்த பதில் கிடைக்கும். சொன்ன திருத்தங்களை ஒரு தாளில் எழுதி, எதை எப்படிச் செய்தேன் என்று அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோங்கள்.

வைவாவில் பெரும்பாலும் கேட்பது மூன்று: ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்த முறை, இன்னொரு விளக்கம் சாத்தியமில்லையா. மூன்றாவதற்குத்தான் தயாராக வேண்டும். எண்ணும் விதிகள் எழுதிய தாளையும் களக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ‘இந்த இடத்தில் இப்படி எண்ணினேன், காரணம் இது’ என்று திறந்து காட்டலாம்.

ஒப்படைத்த பிறகு ஒரு வேலை மிச்சம். கண்டுபிடிப்பைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அதிபருக்கும் அந்த வகுப்பு ஆசிரியருக்கும் கொடுங்கள், வலய ஆங்கில ஆசிரிய ஆலோசகருக்கும் ஒரு பிரதி. 28 பேரில் 19 பேர் எந்தப் பிழையைத் திரும்பத் திரும்ப விடுகிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த தவணையில் அதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்க அவர்களால் முடியும். பெயரும் இலக்கமும் உள்ள பட்டியலை மட்டும், துறை சொல்லும் காலம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.